குப்பி விளக்கும் பகிடிவதையும்: பேராதனைக்கு வரும் பிள்ளையை வரவேற்பது யார்?

ஏ9 வீதியை எங்களில் பலர் ஓமந்தையிலும் முகமாலையிலும் வைத்தே அறிந்தோம். 2002 இல் திறந்தார்கள், 2006 ஓகஸ்டில் மூடினார்கள், போர் முடிந்தபின் மறுபடி திறந்தார்கள் என்று அந்த வீதியின் கதையை எங்கள் கதையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். யாழ்ப்பாணத்தில் முடியும் அந்த 321 கிலோமீற்றர் வீதி தொடங்குவது கண்டியில். மாத்தளை, தம்புள்ளை, மதவாச்சி, வவுனியா என்று வடக்கே ஏறி வருகிறது. ஒவ்வோர் ஆண்டும் பல்கலைக்கழக அனுமதி கிடைத்த பிள்ளைகள் அதே வீதியால் தெற்கே இறங்கிப் போகிறார்கள். கிளிநொச்சியிலோ பரந்தனிலோ இரவு பஸ் ஏறி, விடியப்புறம் கண்டிக் குளிரில் பெட்டியும் பாயுமாக இறங்கி நிற்கும் பிள்ளையை முதலில் சந்திப்பது யார்? அந்தச் சந்திப்பு எப்படி இருக்கவேண்டும்? இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

நான் வடக்கிலிருந்து 1990களின் இறுதியில் பேராதனைக்குப் படிக்க வந்து, பிறகு கண்டிப் பக்கத்திலேயே வேலை பார்த்துக் குடியிருப்பவன். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு வழிகாட்டும் மாணவர்களோடு பல ஆண்டுகளாகத் தொடர்பு உண்டு. இங்கே எழுதுவதில் ஒரு பகுதி வரலாறு, ஒரு பகுதி சட்டம், மிச்சம் அனுபவத்தில் கண்டவை. பிள்ளையை அனுப்பும் பெற்றோருக்கும், சீனியர்களாக இருக்கும் மாணவருக்கும் பயன்படட்டும் என்றே தொகுத்திருக்கிறேன்.

பேராதனை என்ற இடம்

இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1906 இல் சங்கம் அமைத்துக் குரல் கொடுத்தவர்களில் பொன்னம்பலம் அருணாசலம், ஜேம்ஸ் பீரிஸ், மார்க்கஸ் பெர்னாண்டோ ஆகியோர் முக்கியமானவர்கள். இன்று பேராதனை மாணவர் தங்கும் விடுதி மண்டபங்களுக்கு அவர்களின் பெயர்கள் உள்ளன. அருணாசலத்தின் தமையன் இராமநாதன் பெயரிலும் ஒரு மண்டபம் இருக்கிறது. இலங்கைப் பல்கலைக்கழகம் 1942 இல் கொழும்பில் தொடங்கியது. முதலாவது துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ். 1952 இல் பேராதனைக்கு இடம்பெயர்வு ஆரம்பமானது. 1954 இல் எலிசபெத் மகாராணி வந்திருந்தபோது முறைப்படி திறந்துவைக்கப்பட்டது.

கண்டி நகரிலிருந்து ஆறேழு கிலோமீற்றர் தொலைவில், அந்தானை மலையடிவாரத்தில், மகாவலி கங்கைக் கரையில் வளாகம் விரிந்து கிடக்கிறது. கலைப் பீடமும் பெரும்பாலான விடுதிகளும் ஒரு கரையில். பொறியியற் பீடம் மறுகரையில். நடுவில் அக்பர் பாலம். விவசாயம், மருத்துவம், பல் மருத்துவம், விஞ்ஞானம், முகாமைத்துவம், இணை சுகாதார விஞ்ஞானம், கால்நடை மருத்துவம் ஆகியவற்றையும் சேர்த்தால் ஒன்பது பீடங்கள்.

இந்த இடத்தைக் கட்டியவர்கள் இதை ஒரு வதிவிடப் பல்கலைக்கழகமாகவே நினைத்துக் கட்டினார்கள். விரிவுரை மண்டபத்தில் படிப்பது பாதி, ஒரே கூரையின் கீழ் உண்டு உறங்கி மற்றவரோடு வாழப் பழகுவது பாதி என்பது அவர்கள் எண்ணம். அந்த எண்ணத்தில் மூத்த மாணவருக்கு ஒரு பொறுப்பு தானாகவே வந்து சேர்கிறது. புதியவருக்கு மண்டபத்தின் முறையைக் காட்டவேண்டியவர் அவர்தான். அந்தப் பொறுப்பு எந்த வடிவம் எடுக்கிறது என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது.

நல்ல வடிவத்துக்கு எங்களிடமே உதாரணம் உண்டு. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளையும் பேராசிரியர் சு. வித்தியானந்தனும் இருந்த காலத்தில் தமிழ்ச் சங்கமும் அதன் ‘இளங்கதிர்’ ஆண்டு மலரும் புதிய மாணவருக்கு எழுதவும் பேசவும் மேடை கொடுத்தன. 1960களில் வித்தியானந்தன் ‘கர்ணன் போர்’, ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலிவதை’ ஆகிய கூத்துகளை மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். மட்டக்களப்புக் கிராமங்களில் அண்ணாவிமார் ஆடவைத்த ஆட்டத்தை வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்த பிள்ளைகள் சேர்ந்து பழகினார்கள். கூத்துப் பழகும் இடத்தில் தாளம் தெரிந்தவன் தெரியாதவனுக்குக் காட்டிக்கொடுக்கத்தான் வேண்டும். தெரியாதவனை முழங்காலில் நிறுத்தி வைத்தால் ஆட்டம் மேடைக்கு வராது.

எங்கள் பிள்ளைகள் அங்கே வந்து சேர்ந்த வழி

பேராதனை எங்களுக்கு எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரியான இடமாக இருந்ததில்லை. 1970களில் தரப்படுத்தல் வந்தபோது அனுமதியே போராட்டமானது. 1983 மே மாதத்தில், யூலைக் கலவரத்துக்கு இரண்டு மாதம் முன்பாகவே, பேராதனை வளாகத்தில் தமிழ் மாணவர் தாக்கப்பட்டார்கள். 1998 சனவரி 25 இல் தலதா மாளிகை குண்டுத் தாக்குதலுக்கு உள்ளானது. அதற்குப் பிறகு கண்டியில் தமிழ்ப் பெயருள்ள அடையாள அட்டையோடு நடமாடுவதே ஒரு வேலையாகிப்போனது. போர்டிங்கில் இருந்தால் பொலிஸ் பதிவு, சந்திக்குச் சந்தி சோதனை. அந்தக் காலத்தில் ஒரு சீனியரின் முதல் உதவி, புதியவரைப் பொலிஸ் நிலையத்துக்குக் கூட்டிச்சென்று பதிந்துவிடுவதாகவே இருந்தது.

இன்று அனுமதி இசட் புள்ளியின்படி நடக்கிறது. பெரும்பாலான துறைகளில் 40 வீதம் நாடளாவிய திறமை அடிப்படை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கானது. பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களில் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை எல்லாம் அடங்குகின்றன. நுவரெலியாவும் பதுளையும் கூட.

இதன் பொருளைச் சற்று நிதானித்துப் பார்க்கவேண்டும். அண்மைய ஆண்டுகளில் முதலாம் வருடத்துக்கு வரும் பிள்ளைகள் 2004, 2005 அளவில் பிறந்தவர்கள். முள்ளிவாய்க்காலில் தாயின் இடுப்பில் இருந்தவர்கள், மெனிக் பாம் கூடாரத்தில் வாழ்ந்தவர்கள் அவர்களுக்குள் இருக்கிறார்கள். தகப்பனைப் படத்தில் மட்டும் கண்டவர்கள் இருக்கிறார்கள். குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழக வாசலை மிதிப்பவர்கள் பலர். பல்கலைக்கழகம் எப்படி இயங்குகிறது என்று வீட்டில் கேட்டறிய ஒருவரும் இல்லை. அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் பிள்ளை கண்டிக்குப் படிக்கப் போகிறது என்பது மட்டும்.

இரண்டு மரணங்கள், ஒரு சட்டம்

அந்தப் பிள்ளையைச் சிலர் பகிடிவதையோடு வரவேற்கிறார்கள். பேராதனையின் வரலாற்றில் அது விட்டுச்சென்ற தழும்பு ஆழமானது. 1975 இல் விவசாய பீட மாணவி ஒருவர் வதையிலிருந்து தப்புவதற்காக இராமநாதன் மண்டபத்தின் இரண்டாம் மாடியிலிருந்து குதித்தார். உடல் செயலிழந்த நிலையில் பல ஆண்டுகள் வாழ்ந்த அவர் 2002 இல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். 1997 இல் பொறியியற் பீடத்துக்குப் புதிதாக வந்த 21 வயதுத் தமிழ் மாணவன் ஒருவன், சீனியர்கள் கட்டாயப்படுத்திச் செய்வித்த கடும் உடற்பயிற்சிகளின் பின் சிறுநீரகம் செயலிழந்து இறந்தான். பெயரைச் சொல்லாமலே எங்களில் பலருக்கு அந்த முகம் நினைவுக்கு வரும். குற்றஞ்சாட்டப்பட்டவர்களும் தமிழ் மாணவர்கள்தான். வெளியே சோதனைச் சாவடியையும் சுற்றிவளைப்பையும் கடந்து வந்த ஒரு பிள்ளை, தன் சொந்த மொழி பேசுவோர் நடுவில் உயிரிழந்தான். எங்கள் சமூகம் இதை இன்னும் போதிய அளவு பேசவில்லை.

அடுத்த ஆண்டே, அதாவது 1998 இல், கல்வி நிறுவனங்களில் பகிடிவதையையும் ஏனைய வன்முறைகளையும் தடைசெய்யும் 20 ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. பாக்கு நீரிணைக்கு அப்பாலும் இதே கதைதான். 1996 இல் சிதம்பரம் அண்ணாமலை நகரில் மருத்துவக் கல்லூரி முதலாமாண்டு மாணவர் ஒருவர், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரின் மகன், சீனியரால் கொல்லப்பட்டார். 1997 இல் தமிழ்நாட்டில் பகிடிவதைத் தடைச் சட்டம் வந்தது. இரண்டு கரையிலும் ஒரு தமிழ்ப் பிள்ளையின் சாவுக்குப் பிறகே சட்டம் எழுதப்பட்டது.

எங்கள் சட்டத்தில் எல்லோரும் அறிந்திருக்கவேண்டியவை சில.

ஒன்று, உடற்காயம் மட்டும் பகிடிவதை அல்ல. மனத்துக்குக் காயத்தையும் வேதனையையும் அச்சத்தையும் உண்டாக்கும் அல்லது உண்டாக்கக்கூடிய செயலும் அதில் அடங்கும்.

இரண்டு, வளாகத்துக்கு உள்ளே நடந்தாலும் வெளியே நடந்தாலும் குற்றம்தான். போர்டிங் அறையும், பஸ்ஸும், கைத்தொலைபேசியும் தப்பிக்கும் இடங்கள் அல்ல.

மூன்று, செய்தவர் மட்டுமல்ல, பங்குபற்றியவரும் குற்றவாளி.

நான்கு, இரண்டு வருடம் வரை கடூழியச் சிறை உண்டு. நட்டஈடும் கட்ட நேரலாம். பாலியல் துன்புறுத்தலோ கடுங்காயமோ ஏற்பட்டால் பத்து வருடம் வரை போகும்.

முறையிடுவதற்கு மாணவர் ஆலோசகர், விடுதிப் பொறுப்பாளர், பீடாதிபதி, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, பொலிஸ் என்று பல படிகள் உள்ளன. ஒரு படியில் கதவு திறக்காவிட்டால் அடுத்ததைத் தட்டலாம். ஒன்று முடிந்தபின்தான் மற்றது என்ற ஒழுங்கு கிடையாது.

சட்டம் வந்தும் வழக்கம் சாகவில்லை. 2020 மார்ச்சில் ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தில் படிக்கட்டால் உருட்டிவிடப்பட்ட டயர் தலையில் மோதி முதலாம் வருட மாணவர் ஒருவர் படுகாயமடைந்ததை நாடே பார்த்தது. தண்டனைப் பயம் ஒரு பழக்கத்தை ஒளிந்து செய்ய வைக்கும். அது இருந்த இடத்தில் வேறொன்றை வைத்தால்தான் போகும்.

“எல்லோரையும் சமமாக்குகிறோம்”

பகிடிவதைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதத்தையும் நேர்மையாகக் கேட்கவேண்டும். பணக்காரப் பிள்ளை, ஏழைப் பிள்ளை, நகரத்துக் கல்லூரி, கிராமத்துப் பள்ளிக்கூடம் என்ற வித்தியாசத்தை உடைக்கிறோம் என்பார்கள். கூச்சத்தைப் போக்குகிறோம், பட்ச் முழுவதையும் ஒன்றாக்குகிறோம், பிறகு நாங்கள்தான் சாப்பாடும் வாங்கிக்கொடுக்கிறோம் என்பார்கள். கடைசியில் சொல்வது உண்மைதான். முதல் மாதம் திட்டித் தீர்த்த அண்ணாவே பரீட்சைக் காலத்தில் விடிய விடியப் படிப்பித்ததைக் கண்டவர்கள் பலர். அதனால்தான் இந்த வழக்கத்துக்கு இவ்வளவு ஆயுள்.

ஆனால் ஒரே கட்டளை எல்லோர் உடம்பிலும் ஒரே மாதிரி இறங்குவதில்லை. சட்டையைக் கழற்று, முழங்காலில் இரு, நிலத்தைப் பார், பெயரைக் கத்திச் சொல் என்ற சொற்கள் ஒரு பிள்ளைக்கு வெறும் பகிடியாக இருக்கலாம். எங்கள் பிள்ளைகள் சிலருக்கு அவை வேறோர் இடத்தில் கேட்ட சொற்கள். வரிசையில் நிறுத்தப்பட்ட தகப்பனுக்குச் சொல்லப்பட்டவை, விசாரணைக்குப் போய்வந்த அண்ணனுக்குச் சொல்லப்பட்டவை. அந்தப் பிள்ளை அழாது, எதிர்த்துப் பேசாது. சொன்னதைச் செய்துவிட்டு, அடுத்த வெள்ளிக்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய்விடும். ஏன் திரும்பி வந்தாய் என்று கேட்டால் “சாப்பாடு ஒத்துவரேல்லை” என்று சொல்லும்.

படிப்பை இடையில் விட்ட பிள்ளைகளைப் பற்றி ஊரில் பேசும்போது இங்கிலிஷ் கஷ்டம், காசு கஷ்டம், குளிர் என்று காரணங்கள் வரும். அவையும் உண்மையே. ஒரு நல்ல சீனியர் பக்கத்தில் இருந்திருந்தால் அந்தக் கஷ்டங்களில் பெரும்பாலானவை தாங்கக்கூடியவையாக இருந்திருக்கும் என்பதே நான் கண்டது.

குப்பி

சமத்துவத்தை உண்டாக்கும் வழி ஒன்று வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. அதன் பெயர் குப்பி.

எங்கள் தலைமுறைக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் கழுத்தில் தொங்கிய ஒன்றுதான் முதலில் நினைவுக்கு வரும். பேராதனையில் முதன்முதலாக ஒருவர் “இரவைக்குக் குப்பி இருக்கு, வாறியா?” என்று கேட்டபோது எனக்கு ஒருகணம் பேச்சு வரவில்லை. இலங்கைப் பல்கலைக்கழகங்களில் சிங்கள மாணவரும் தமிழ் மாணவரும் ஒரே சொல்லாகப் பயன்படுத்தும் குப்பி என்பது, பாடம் தெரிந்த மாணவர் தெரியாதவர்களைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு. பரீட்சை நெருங்கும்போது விடுதி அறையிலோ வெறும் விரிவுரை மண்டபத்திலோ மரத்தடியிலோ நடக்கும். கட்டணம் இல்லை. குப்பி விளக்கைச் சுற்றியிருந்து படித்த காலத்திலிருந்து வந்த பெயர் என்று சொல்வார்கள்.

குப்பி விளக்கை எங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் தங்கத்தின் விலை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சில் சிறிது மண்ணெண்ணெய் விட்டுக் கொளுத்திய வெளிச்சத்தில் ஒரு தலைமுறை உயர்தரம் படித்தது. வன்னியில் அது இன்னும் பல ஆண்டுகள் நீடித்தது. ஒரு விளக்குக்கு நாலு பேர் என்பதால், விளங்கியவர் விளங்காதவருக்குச் சொல்லவேண்டி வந்தது.

பகிடிவதை இல்லாமல் சீனியருக்கும் ஜூனியருக்கும் உறவு வராது என்பவர்களுக்குக் குப்பியைத்தான் காட்டுவேன். அங்கே சீனியருக்கு மதிப்புக் கிடைப்பது அவருக்குப் பாடம் தெரிந்ததால். கேள்வி கேட்கும் ஜூனியருக்குத் தண்டனை இல்லை. அடுத்த வருடம் அதே ஜூனியர் வெண்கட்டியைக் கையில் எடுக்கிறார். மாணவர் தலைமை என்று நான் கருதுவது இதை. இப்போது குப்பி பெரும்பாலும் பரீட்சைக்கு இரண்டு கிழமை முன்பு தொடங்குகிறது. அதை முதல் நாளிலிருந்தே தொடங்கவேண்டும், பாடத்தோடு நில்லாமல் வாழ்க்கைக்கும் நீட்டவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

முதல் நாளிலிருந்து முதல் பரீட்சை வரை

நல்ல வழிகாட்டிகள் செய்வதைப் பார்த்து, காலவரிசையில் தருகிறேன்.

*வருவதற்கு முன்:* அனுமதிக் கடிதம் வந்ததும் ஒரு தொலைபேசி அழைப்பு. பிள்ளையோடு மட்டுமல்ல, அம்மாவோடும் பேசவேண்டும். என்ன கொண்டுவரவேண்டும் என்று சொல்லவேண்டும். மூலப் பிறப்புச் சான்றிதழ், பாடசாலைச் சான்றிதழ்கள், கிராம உத்தியோகத்தரின் சான்றிதழ், வருமானத்துக்கான அத்தாட்சி, இவற்றின் நிழற்பிரதிகள். குளிருக்கு ஒரு சுவெட்டர், தடித்த போர்வை, குடை. வன்னி வெயிலில் வளர்ந்த பிள்ளைக்குப் பேராதனையின் மார்கழி இரவு முதல் எதிரி.

*வந்து இறங்கும் காலை:* கண்டியில் பஸ் நிலையத்துக்கோ புகையிரத நிலையத்துக்கோ ஒருவர் போய் நிற்கவேண்டும். கலஹா சந்தியில் இறங்குவது, சரசவி உயன புகையிரத நிலையம் வளாகத்தின் பக்கத்திலேயே இருப்பது போன்றவை சின்ன விசயங்கள். தெரியாதவருக்கு அதுவே அரை நாள் அலைச்சல்.

*முதல் வாரம்:* விடுதி, பீடம், நூலகம், சுகாதார நிலையம், வங்கி, மலிவான சாப்பாட்டுக் கடை ஆகியவற்றுக்கு ஒரு தடவை கூட நடக்கவேண்டும். குறிஞ்சிக் குமரன் கோயிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் விகாரையும் வளாகத்திலேயே உண்டு. பிள்ளை எங்கே போக விரும்புகிறதோ அங்கே வழி காட்டினால் போதும். விடுதியில் ஒட்டப்படும் சிங்கள அறிவித்தலை வாசித்துச் சொல்ல ஒருவர் வேண்டும். கூடவே நாலு சிங்கள வசனமும் சொல்லிக்கொடுக்கவேண்டும். ஒவ்வொரு முறையும் வாசித்துச் சொல்லும் நண்பனைவிட, ஆறு மாதத்தில் தானே வாசிக்க வைக்கும் நண்பன் நல்லவன்.

*முதல் மாதம்:* மகாபொல விண்ணப்பம். 1981 இல் தொடங்கிய இந்தப் புலமைப்பரிசில் நம் பிள்ளைகள் பலருக்கு ஒரே வருமானம். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மாதத் தொகையை 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தினார்கள். ஆனால் விண்ணப்பித்ததிலிருந்து முதல் காசு கைக்கு வர மாதங்கள் ஆகலாம். அந்த இடைவெளியில்தான் பிள்ளைகள் இரவுச் சாப்பாட்டை விடுகிறார்கள். இதை முன்கூட்டியே சொல்லிவைப்பதும், பழைய மாணவரிடம் சேர்த்த சிறு கைமாற்று நிதியிலிருந்து உதவுவதும் வழிகாட்டியின் வேலை. கொடுப்பதைப் படம் எடுக்கக்கூடாது.

*முதல் தவணை:* மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம் எல்லாம் ஆங்கிலத்தில். உயர்தரத்தைத் தமிழில் படித்து மூன்று ஏ எடுத்த பிள்ளை, முதல் விரிவுரையில் ஒன்றும் விளங்காமல் “நான் மொக்கு” என்று முடிவுகட்டும். விளங்காதது பாடம் அல்ல, மொழிதான் என்பதை அங்கேயே சொல்லவேண்டும். சொற்பட்டியல் ஒன்றைக் கையில் கொடுத்து, ஆங்கில வகுப்பைத் தவறவிடாதே என்று வற்புறுத்தி, வாரம் ஒரு குப்பி வைத்தால் இரண்டாம் தவணைக்குள் நிலைமை மாறும்.

*முதல் பரீட்சைக்குப் பிறகு:* புள்ளி குறைந்தவரைத் தேடிப் போகவேண்டும். சித்தியடைந்தவரை வாழ்த்த ஆட்கள் இருப்பார்கள்.

கேட்கக்கூடாத முதல் கேள்வி

எங்கள் வழக்கத்தில் புதியவரைக் கண்டதும் கேட்பது மூன்று: எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார், சகோதரங்கள் எத்தனை பேர்? அன்பாகத்தான் கேட்கிறோம். போருக்குப் பிந்திய வடகிழக்கிலிருந்து வரும் பிள்ளைக்கு இரண்டாவதும் மூன்றாவதும் பதில் சொல்ல முடியாத கேள்விகளாக இருக்கலாம். அப்பா காணாமல் ஆக்கப்பட்டவர் என்றால் “செய்கிறார்” என்பதா “செய்தார்” என்பதா? அம்மா இன்னும் தேடிக்கொண்டிருக்கும் ஒருவரை மகள் எப்படி இறந்தகாலத்தில் சொல்வாள்?

எனவே வழிகாட்டும் மாணவருக்கு நான் சொல்வது, ஊரைக் கேளுங்கள், என்ன பாடம் பிடிக்கும் என்று கேளுங்கள், சாப்பிட்டாயா என்று கேளுங்கள். குடும்பத்தைப் பற்றிப் பிள்ளை தானாகச் சொல்லும் நாள் வரும். வராவிட்டாலும் பரவாயில்லை.

படிவங்களில் இதே கேள்வி வேறு விதமாக வரும். தந்தையின் தொழில், தந்தையின் வருமானம், இறந்திருந்தால் மரணச் சான்றிதழ். தந்தை காணாமல் போன குடும்பங்கள் பல மரணச் சான்றிதழ் எடுக்க மறுத்திருக்கின்றன. அது அவர்களின் உரிமை. 2016 இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி, மரணம் என்று பதியாமலே, ஆள் காணாமற்போயிருப்பதை உறுதிப்படுத்தும் சான்றிதழைப் பெற வழி உண்டு. அதை எடுத்திருந்தால் பிரதியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். எடுக்க விரும்பாத குடும்பத்தை வற்புறுத்தவேண்டாம். கிராம உத்தியோகத்தரின் கடிதத்தோடு பிள்ளையுடன் அலுவலகத்துக்குக் கூடப்போய், கவுண்டரில் நின்று அந்தக் கதையைப் பிள்ளையின் வாயால் பலர் முன்னே சொல்லவைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வழிகாட்டி செய்யக்கூடிய பெரிய உதவிகளில் இது ஒன்று. ஐந்து நிமிட வேலைதான்.

இரவில் தூங்காத பிள்ளை, வெடிச் சத்தத்துக்குத் துள்ளும் பிள்ளை, ஒரு கிழமையாக அறையைவிட்டு வராத பிள்ளை என்று கண்டால் தாங்களே வைத்தியம் பார்க்க முனையக்கூடாது. மாணவர் ஆலோசகரிடமும் வைத்தியரிடமும் கூட்டிப்போகவேண்டும். “எங்களுக்கும் இப்படித்தான் இருந்தது, எல்லாம் பழகிவிடும்” என்ற பேச்சு அங்கே உதவாது.

ஊர் பார்க்கும் நோய்

பேராதனையில் தமிழ் மாணவர் என்றால் ஒரு கூட்டம் அல்ல. யாழ்ப்பாணம், வன்னி, மன்னார், திருகோணமலை, மட்டக்களப்பு, மலையகம், கொழும்பு, தமிழ் பேசும் முஸ்லிம்கள் என்று பல. எங்கள் சங்கங்களில் யார் தலைவர், எந்த மாவட்டம், எந்தக் கல்லூரி என்ற கணக்கு நெடுங்காலமாக ஓடுகிறது. வரவேற்பிலும் அது நுழைகிறது. தங்கள் ஊர்ப் பிள்ளையை மட்டும் தாங்கிக்கொள்ளும் சீனியர்கள் உண்டு. ஊர்ச் சீனியர் இல்லாத பிள்ளை நடுவில் நிற்கும்.

கண்டி மண்ணில் இது இன்னும் பொருந்தாத பழக்கம். 1820களில் கம்பளைப் பக்கத்தில் கோப்பித் தோட்டம் தொடங்கிய காலத்திலிருந்து இந்த மலைகளைத் திருத்தியவர்கள் தமிழ்த் தொழிலாளர்கள். 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டமும் கண்டி மாவட்டத்தில்தான். பல்கலைக்கழகத்தைச் சுற்றிய அந்தானை, கலஹாத் தோட்டங்களின் லயன்களில் அவர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருவர் வளாகத்துக்குள் மாணவராக வரும்போது, வடக்கிலிருந்து வந்தவர் அவருடைய தமிழைக் கேட்டுச் சிரித்தால், ஒரு பத்து நிமிடப் பகிடி இரண்டு சமூகத்துக்கு நடுவே நாலு வருடச் சுவராக நிற்கும். ஆகவே வழிகாட்டியைப் பிரிக்கும்போது ஊர் மாறியே பிரிக்கவேண்டும். முல்லைத்தீவுப் பிள்ளைக்கு அட்டன் அக்கா, அட்டன் பிள்ளைக்கு மூதூர் அண்ணா. சிங்களச் சீனியர்களில் விருப்பமுள்ளவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம். அறைத் தோழனிடம் சிங்களம் பழகி அவனுக்குத் தமிழ் பழக்கிய எத்தனையோ பேர் போர்க்காலத்திலேயே இருந்தார்கள்.

ஒருவரின் நல்ல மனதில் மட்டும் தங்கியிருக்கக்கூடாது

நல்ல சீனியர் ஒருவர் பட்டம் பெற்றுப் போனதும் அவர் கட்டியது கலைந்துபோவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். அதனால் ஒரு ஒழுங்கு வேண்டும். இந்தியாவின் பல்கலைக்கழக மானியக் குழு 2009 இல் கொண்டுவந்த பகிடிவதைத் தடை விதிகளில் ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. விரும்பி முன்வரும் மாணவர்களிலிருந்து, ஆறு புதியவருக்கு ஒரு வழிகாட்டி. அப்படி ஆறு வழிகாட்டிகளுக்கு மேலே இன்னொரு மூத்த வழிகாட்டி. எங்கள் சங்கங்கள் இதை எடுத்தாளலாம். ஆறு பேர் என்றால் பெயர் நினைவிருக்கும், முகம் வாடினால் தெரியும்.

இதற்கு மேல் வேண்டியவை நாலு. வழிகாட்டிகளின் பெயரைப் பீடத்துக்கு எழுத்தில் கொடுத்து, ஒரு விரிவுரையாளரின் கண்காணிப்பில் வைப்பது. பெண் பிள்ளைகளுக்குப் பெண் வழிகாட்டியரை உறுதிசெய்வது. பகிடிவதையில் ஈடுபட்டவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இந்தப் பட்டியலில் சேர்க்காதிருப்பது. மூன்றாம் வருடத்தில் உள்ளவர் இரண்டாம் வருடத்தவருக்கு எல்லா விபரங்களையும் ஒரு கொப்பியில் எழுதிக் கையளித்துவிட்டே போவது. அந்தக் கொப்பியில் குடும்ப விபரம் எதுவும் எழுதப்படக்கூடாது.

வீட்டில் உள்ளவர்களுக்கு

பிள்ளை பேராதனைக்குத் தெரிவாகியிருந்தால், பஸ் ஏற்றுமுன் இவற்றைச் செய்யுங்கள். உங்கள் பாடசாலையில் இருந்து ஏற்கனவே அங்கே படிப்பவரை அதிபர் மூலம் கண்டுபிடித்துப் பேசுங்கள். பீட அலுவலகம், விடுதிப் பொறுப்பாளர், மாணவர் ஆலோசகர் ஆகியோரின் தொலைபேசி இலக்கங்களை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். முதல் மூன்று மாதம் ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் பேசுங்கள். “எல்லாம் ஓகே” என்ற பதிலோடு விடாமல், இன்று யாரோடு சாப்பிட்டாய் என்று கேளுங்கள். ஒரு மாதமாகியும் பெயர் ஒன்றும் வராவிட்டால் பிள்ளை தனியாக இருக்கிறது என்று பொருள்.

பிள்ளை திடீரென்று வீட்டுக்கு வந்து நின்றால், முதலில் “எவ்வளவு கஷ்டப்பட்டுப் படிப்பிச்சனாங்கள்” என்று தொடங்கவேண்டாம். சாப்பாடு கொடுத்து, படுக்கவிட்டு, அடுத்த நாள் கேளுங்கள். வதை நடந்தது என்று சொன்னால் நம்புங்கள். நாள், இடம், ஆட்களை எழுதி வையுங்கள். தொலைபேசியில் வந்த செய்திகளை அழிக்க விடாதீர்கள். முறையிட்டபின் பிள்ளையைத் தனியே அனுப்பாமல், ஒருவர் கூடப் போய்ப் பீடாதிபதியைச் சந்தியுங்கள்.

ஏற்கனவே அங்கே இரண்டாம், மூன்றாம் வருடத்தில் படிக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், அடுத்த பட்ச் வரும்போது நீ எத்தனை பேரைக் கூட்டிவரப் போகிறாய் என்று அந்தப் பிள்ளையிடமும் கேளுங்கள்.